கன்னேப் போரும் ஈயப் படைகளும்

கி. மு. 216 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே உரோமாபுரியின் வாயிலில் வியப்புக்குரிய ஒரு காட்சி நிகழ்ந்தது. தன் நாடு அதுவரை திரட்டியவற்றுள் மிகப் பெரிய படையை ஒரே பகலில் இழந்துவிட்டு, உயிர் தப்பிய சேனாதிபதி ஒருவன் நகருக்குத் திரும்பினான். அவன்மீது கல் விழவில்லை, வசைமொழியும் எழவில்லை. எல்லா வகுப்பைச் சேர்ந்த மக்களும் திரண்டு சென்று அவனை எதிர்கொண்டனர். குடியரசின் எதிர்காலத்தில் அவன் நம்பிக்கை இழக்காதிருந்தமைக்காக அவனுக்கு நன்றியும் கூறப்பட்டது. இச்செய்தியை எழுதிவைத்த வரலாற்றாசிரியராகிய லிவி, கார்தேஜ் நாட்டுத் தளபதி ஒருவன் இவ்வாறு தோற்றுத் திரும்பியிருப்பின் அவன் அடையாத தண்டனை இராது என்றும் சேர்த்துக் கூறுகின்றார். அந்தச் சேனாதிபதியின் பெயர் காயஸ் தெரெந்தியஸ் வாரோ. அவன் தோற்ற களம் தென்னித்தாலியிலுள்ள கன்னே.

அன்று வாழ்ந்த உரோமர் காட்டிய இந்தப் பெருந்தன்மையைப் பின்வந்த ஏடுகள் காட்டவில்லை. அவ்வாண்டின் கொன்சல்கள், அதாவது அரசையும் படையையும் ஓராண்டு நடத்தும் தலைவர்கள், இருவர். ஒருவன் வாரோ, மற்றவன் லூசியஸ் எமிலியஸ் பவுலஸ். பொலிபியஸ் என்னும் கிரேக்க ஆசிரியரும் அவருக்குப் பின் லிவியும் எழுதிய நூல்களில், பவுலஸ் நிதானமுள்ள அறிவாளியாகவும், வாரோ அவசரக்காரனாகவும் அறியாமை மிக்கவனாகவும் காட்சியளிக்கின்றனர். வாரோ ஓர் இறைச்சிக்கடைக்காரனின் மகன் என்று சொல்லவும் லிவி மறக்கவில்லை. பள்ளிக்கூடப் பாடநூல்களும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தத் தீர்ப்பையே படித்துவந்தன. கடந்த சில பத்தாண்டுகளில் இத்தீர்ப்புக்கு எதிரான முறையீடு, எவரும் எதிர்பாராத ஒரு மன்றத்தில் கேட்கப்பட்டிருக்கின்றது. அந்த மன்றம், விரலளவான பொம்மை வீரர்கள் அணிவகுத்து நிற்கும் ஒரு மேசை.

மேசைமீது போர் நடத்துதல் தமிழருக்குப் புதுமையானதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயராலேயே சதுரங்கம் வழங்குகின்றது. பாரதநாட்டில் தோன்றிய அந்த விளையாட்டு பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்து, பல நூற்றாண்டுகள் அரசர் மாளிகைகளில் உலாவியது. ஆயினும் சதுரங்கத்தில் மலையில்லை, ஆறில்லை. வெட்டவந்த காய் வெட்டியே தீரும். காலாள் பயந்து ஓடுவதில்லை. இக்குறையை உணர்ந்த ஜேர்மானியக் கணித ஆசிரியர் ஹெல்விக் என்பார், 1780 ஆம் ஆண்டில், நிலவகைகளைக் குறிக்கும் நிறந்தீட்டிய பல நூறு கட்டங்களைக் கொண்ட ஒரு போர்ச் சதுரங்கத்தை வெளியிட்டார். அடுத்த படி பிரசியாவில் நிகழ்ந்தது. ரைஸ்விற்ஸ் என்னும் பிரபு 1812 இல் அந்நாட்டு மன்னருக்காக ஒரு போர்மேசையை அமைத்துக் கொடுத்தார். அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. அவர் 1824 இல் கட்டங்களையே அகற்றிவிட்டு, எண்ணாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய நிலப்படத்தின்மீது படைகளை நகர்த்தும் விதிகளை வகுத்தார். இரு தரப்பாரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவர் காய்களை நகர்த்துவார். மோதலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். எதிரி எங்கே நிற்கின்றான் என்பதை நடுவர் காட்டினாலன்றி எவரும் அறியார். பிரசியப் படைத் தலைமையகத்தின் தலைவரான முப்லிங் இதனை முதலில் அசட்டையாகப் பார்த்தார் என்பர். ஆட்டம் முடியுமுன்னரே, விளையாட்டு என்ற பெயர் இதற்குத் தகாது, இது போர்க்கல்வியே என்று வியந்து பாராட்டினார். அந்த இளம் அதிகாரியின் வாழ்வு மட்டும் நன்றாக முடியவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1827 இல், அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இஃது அதிகாரிகளின் மேசை. பொம்மைகளின் கதை வேறு. நியூரம்பேர்க் நகரத்து வெள்ளீயத் தொழிலாளர் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தட்டையான போர்வீரர்களை வார்த்து விற்றனர். இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் தொழிற்சாலை 1893 இல் உள்ளீடற்ற ஈய வீரர்களை மலிவாகச் செய்யத் தொடங்கியதும், நடுத்தரக் குடும்பத்துச் சிறுவனும் ஒரு சிறு படைக்கு அதிபதியானான். சிறுவர் மட்டுமா? இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நோய்க்கு மருந்து தேடி சுவிற்சர்லாந்து மலைகளில் தங்கியிருந்த நாட்களில், தம் மனைவியின் மகனோடு தரையிற் படுத்து ஈயப் படைகளைப் பொருதவிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1913 இல் இதற்கென விதிநூலொன்றே எழுதி, பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டுப் பொம்மைகளை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு உண்மைப் பீரங்கிகள் ஐரோப்பாவில் முழங்கின. வெல்ஸின் நூலின் இறுதிப் பகுதி மெய்ப்போரின் மூடத்தனத்தைக் கண்டிக்கின்றது என்பதை அந்நூலை ஏளனம் செய்வோர் பெரும்பாலும் அறியார்.

பழங்காலப் போர்களுக்கென ஒரு தனிக் கூட்டம் சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரேயாம். டொனால்ட் பெதர்ஸ்டோன் என்னும் ஆங்கிலேயர் 1962 இல் வெளியிட்ட போர்விளையாட்டு நூலில் பழங்காலப் போருக்கான விதிகளை எழுதியவர் டோனி பாத். அவரே 1965 இல் பழங்காலப் போராராய்ச்சியாளர் சங்கமொன்றை இங்கிலாந்தில் தோற்றுவித்தார். கவண் என்று பொருள்படும் பெயரோடு அச்சங்கத்தின் சஞ்சிகை வெளிவந்தது. எழுதுவினைஞர், ஆசிரியர், பொறியியலாளர், ஓய்வுபெற்ற படைவீரர் எனப் பலதரப்பட்டோர் அதில் எழுதினர். உரோம வீரனின் கேடயம் எத்தனை இறாத்தல் நிறை, நுமிடியக் குதிரைவீரன் கடிவாளமின்றி எவ்வாறு சவாரி செய்தான், யானைக்கு மதம் பிடித்தால் எத்திசையில் ஓடும் என்பனவெல்லாம் அங்கே காரசாரமாக விவாதிக்கப்பட்டன. இவ்வினாக்களிற் பல பல்கலைக்கழக மண்டபங்களில் அக்காலத்தில் எவராலும் கேட்கப்படாதவை.

கன்னேக் களத்தை இனி நோக்கலாம்.

கார்தேஜின் ஹனிபால் அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கி இரண்டாண்டுகளாகியிருந்தன. கி. மு. 218 இன் மாரியில் திரேபியா ஆற்றங்கரையிலும், அடுத்த ஆண்டு திரசிமீன் ஏரிக்கரையிலும் அவன் உரோமரை முறியடித்திருந்தான். பேபியஸ் என்னும் முதியவன் சிலகாலம் போரைத் தவிர்த்துக் காலங்கடத்தினான். ஆயினும் தம் வயல்கள் எரிவதை எத்தனை நாள் மக்கள் பார்த்துக்கொண்டிருப்பர்? கி. மு. 216 இல் செனற் சபை எட்டு லீஜியன்களையும் அவற்றுக்கு ஈடான நேசநாட்டுப் படைகளையும் களத்துக்கு அனுப்பியது. பொலிபியஸ் தரும் கணக்கின்படி உரோமரிடம் காலாள் எண்பதினாயிரம், குதிரை ஆறாயிரத்துக்குச் சற்று மேல். ஹனிபாலிடம் காலாள் நாற்பதினாயிரம், குதிரை பத்தாயிரம். கொன்சல்கள் இருவரும் நாள்விட்டு நாள் படைத்தலைமை ஏற்றனர். ஆகஸ்ட் 2 ஆம் நாள் வாரோவின் முறை.

இன்று ஒபாண்டோ எனப்படும் அவுபிடஸ் ஆற்றின் அருகே இரு படைகளும் அணிவகுத்தன. பதினாயிரம் பேர் பாசறையில் விடப்பட்டனர்; எஞ்சிய காலாட்களை வாரோ வழக்கத்தைவிட நெருக்கமாகவும் மிக ஆழமாகவும் நிறுத்தினான். ஆற்றை ஒட்டிய வலப்பக்கத்தில் உரோமக் குதிரைப்படையோடு பவுலஸ் நின்றான். இடப்பக்கத்தில் நேசநாட்டுக் குதிரைகளோடு வாரோ நின்றான். ஹனிபாலின் நடுவணி கோலியரும் ஸ்பானியருமாவர். அவர்களைப் பிறைபோல முன்னோக்கி வளைத்து நிறுத்தினான். அப்பிறையின் இரு முனைகளிலும், முன்னைய போர்களிற் கைப்பற்றிய உரோம ஆயுதங்களைத் தாங்கிய ஆபிரிக்கக் காலாட்கள் காத்து நின்றனர். போர் தொடங்கியதும் ஹஸ்துருபால் நடத்திய பெருங்குதிரைப்படை ஆற்றங்கரை உரோமக் குதிரைகளை நொறுக்கியது. நடுவில் உரோமக் காலாட்கள் பிறையை உள்நோக்கித் தள்ளினர். பிறை தட்டையாயிற்று, பின்பு குழிந்தது. வெற்றி கண்முன் தெரிகின்றதென்று உரோமர் அக்குழியினுள் நெருக்கியடித்து நுழைந்தனர். அப்போது இருபுறமும் ஆபிரிக்கர் உட்புறமாகத் திரும்பித் தாக்கினர். ஹஸ்துருபால் உரோமப் படையின் பின்புறத்தைச் சுற்றிவந்து, முதலில் வாரோவின் குதிரைகளைச் சிதறடித்து, பின்பு காலாட்களின் முதுகில் விழுந்தான். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தோர் எழுபதினாயிரம் என்பது பொலிபியஸ் கணக்கு. காலாள் நாற்பத்தையாயிரத்து ஐந்நூறு, குதிரைவீரர் இரண்டாயிரத்து எழுநூறு என்பது லிவியின் கணக்கு. பவுலஸும் இறந்தோருள் ஒருவன்.

ஏட்டில் இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வாசிப்போன் தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவான். ஆனால் அதே செய்தியை மேசையில் வைக்க முயல்வோன் முதல் வரியிலேயே நிறுத்தப்படுகின்றான். எண்பதினாயிரம் பேர் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்?

பாசறையில் நின்றோரையும் இலேசான ஆயுதந்தரித்த முன்னோடிகளையும் கழித்தால், கனத்த காலாட்கள் ஏறத்தாழ ஐம்பத்தையாயிரம் பேர் அணியில் நின்றனர் எனக் கொள்ளலாம். ஒரு வீரனுக்குப் பக்கவாட்டில் மூன்றடி இடம் எனக் கணக்கிட்டு, இருபது வரிசை ஆழத்தில் அவர்களை நிறுத்தினால், முன்வரிசையில் 2,750 பேர் வருவர். அணியின் நீளம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர். ஐம்பது வரிசை ஆழத்தில் நிறுத்தினாலோ முன்வரிசையில் 1,100 பேரே வருவர். நீளம் ஒரு கிலோமீற்றருக்குச் சுருங்கிவிடும். களத்தின் ஒரு மீற்றரை மேசையில் ஒரு மில்லிமீற்றராக்கினால், இந்தப் பெருஞ்சேனை ஒரு மீற்றர் நீளமும் ஒரு சாண் அகலங்கூட இல்லாத ஒரு பட்டையாகிவிடுகின்றது. நூறு வீரருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் ஐந்நூற்றைம்பது பொம்மைகள் அப்பட்டையில் நிற்க வேண்டும். வழக்கமான விரலளவுப் பொம்மைகள் அங்கே நிற்க இடமில்லை. அதனாலேயே பெரும்போர்களை ஆடுவோர் எறும்பு போன்ற ஆறு மில்லிமீற்றர் உயரப் பொம்மைகளை நாடுகின்றனர். அவற்றுக்கு வர்ணந் தீட்டுவோரின் கண்களைப் பற்றி நினைக்கவே கவலையாகும்.

ஆனால் இந்தக் கணக்கிலிருந்தே ஓர் உண்மை மேலெழுகின்றது. வாளும் ஈட்டியும் எட்டுவது முதலிரு வரிசைகளுக்கே. ஐம்பது வரிசை ஆழமான படையில் ஒரு கணத்தில் உண்மையாகப் போரிடக்கூடியவர் 2,200 பேர், அதாவது நூற்றுக்கு நால்வர். ஏனைய தொண்ணூற்றாறு பேரும் முன்னுள்ளோரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பவர். ஹனிபாலின் நடுவணி எண்ணிக்கையில் உரோமக் காலாட்களின் பாதிக்கும் குறைவாயினும், அதே ஒரு கிலோமீற்றரை அடைத்து நின்றமையால், முன்வரிசையில் இருவரும் சமமாயினர். உரோமரின் மிகுதியான படை முழுவதும் ஆழத்துக்குள் புதைந்துகிடந்தது. ஏட்டில் எண்பதினாயிரத்துக்கு நாற்பதினாயிரம் என்று படிக்கும்போது தோன்றாத இது, மேசையைச் சுற்றி நிற்பவனுக்குக் கண்ணாலேயே தெரிகின்றது.

இத்தகைய சோதனைக்குக் கல்வியுலகில் முன்னோடி ஒருவர் உண்டு. ஜேர்மானியப் பேராசிரியர் ஹான்ஸ் டெல்புருக் பழைய ஏடுகள் கூறும் படைத்தொகைகளை நிலத்தோடும் நேரத்தோடும் பொருத்திப் பார்த்தார். கிரேக்கத்தின்மீது படையெடுத்த பாரசீக மன்னன் சேர்க்சசிடம் ஹெரோடோட்டஸ் சொன்ன தொகை உண்மையாயின், அப்படையின் தலை தெர்மோபிலே கணவாயை அடைந்த நேரத்தில் வால் தைகிரிசு ஆற்றுக்கு அப்பால் புறப்படவே தொடங்கியிருக்கும் என்று அவர் காட்டினார். மேசைப்போர் ஆடுவோன் அறிந்தோ அறியாமலோ டெல்புருக்கின் மாணவனாகின்றான்.

இனி, மேசையில் இப்போரை ஆடும்போது எழும் பெருஞ்சிக்கல் ஒன்றுண்டு. உரோமர் பக்கம் அமர்ந்தவன் கன்னேயின் கதையை முன்னரே படித்தவன். பிறை ஒரு பொறி என்பதை அவன் அறிவான். அவன் நடுவணியை நிறுத்திவைப்பான். பின்வரிசைகளைப் பிரித்துப் பக்கங்களைக் காப்பான். ஆபிரிக்கரைக் கண்ணிலிருந்து விடமாட்டான். ஆட்டம் கன்னேயாக இராது. மேலும் அவன் மேசைக்கு மேலே குனிந்து, இரு படைகளையும் ஒருசேரப் பார்க்கின்றான். வாரோவுக்கு இந்தப் பருந்துப் பார்வை இல்லை. இலையுதிராக் கோடையின் புழுதியில், குதிரைமேல் அமர்ந்து, இடக்கோடியில் நின்ற ஒருவன், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் ஆற்றங்கரையில் நடந்ததை எவ்வாறு கண்டிருப்பான்? காற்று புழுதியை உரோமரின் முகத்திலேயே அள்ளி வீசியது என்று லிவி எழுதுகின்றார்.

இச்சிக்கலைத் தீர்க்க ஆட்டக்காரர் கையாண்ட உபாயங்கள் பல. ரைஸ்விற்ஸின் நடுவரைத் திரும்ப அழைத்தனர் சிலர். வேறு சிலர் போருக்கு மாறுவேடம் அணிவித்தனர்: உரோமரையும் கார்தேஜியரையும் வேறு நாட்டுப் படைகளாக்கி, களத்தின் பெயரை மறைத்து, இது கன்னே என்று தெரியாத ஒருவனிடம் வாரோவின் படையைக் கொடுத்துவிடுவர். பில் பார்க்கர் முதலியோர் 1990 இல் வெளியிட்ட சிறிய விதிநூல் இன்னொரு வழியைக் கையாண்டது. ஒவ்வொரு முறையும் தளபதி பகடை உருட்டி, அதில் விழும் எண்ணுக்கு ஏற்ற அணிகளையே நகர்த்தலாம். ஒன்று விழுந்தால், எரியும் வீட்டின் ஒரு கதவை மட்டும் திறக்க அனுமதி பெற்றவன்போல அவன் தவிக்க வேண்டியதுதான். தளபதியின் எண்ணம் வேறு, கட்டளை போய்ச்சேர்வது வேறு என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் கருவி அரிது.

இவ்வாறு அறிவை மறைத்து ஆடும்போதுதான் வாரோவின் வழக்கு மறுபக்கம் திரும்புகின்றது. கதையறியாத ஒருவன், அந்தப் படையும் அந்தக் களமும் கையில் தரப்பட்டால், என்ன செய்வான்? குதிரையில் தான் எளியவன் என்பதை முதலிற் காண்பான். ஆகையால் ஒரு பக்கத்தை ஆற்றோடு சேர்த்துக்கொள்வான். களம் குறுகியிருக்க விரும்புவான். ஏனெனில் குறுகிய களத்தில் எதிரியின் பத்தாயிரம் குதிரைகள் பரந்து ஓட இடமில்லை. காலாளில் தான் வலியவன் என்பதைக் கண்டு, அந்த வலிமையை நடுவில் குவிப்பான். இவற்றுள் எதனை வாரோ செய்யாது விட்டான்? திரேபியாவில் உரோமர் தோற்றபோதும் பதினாயிரம் உரோமக் காலாட்கள் ஹனிபாலின் நடுவணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறியிருந்தனர். திரசிமீனிலும் முன்னணியில் நின்ற ஆறாயிரம் பேர் வழிமறித்தோரை உடைத்துச் சென்றனர். இரு தோல்விகளும் உரோமருக்குக் கற்பித்த பாடம் ஒன்றே: பதுங்கியிருக்க இடமில்லாத வெளியில், பக்கங்கள் சிறிது நேரம் தாங்குமாயின், நடுவணி எதிரியை உடைத்துவிடும். வாரோவின் திட்டம் இந்தப் பாடத்திலிருந்து நேராகப் பிறந்தது. எண்பதினாயிரம் பேரைத் திரட்டி அனுப்பிய செனற் சபையும் போரையே விரும்பியது. காத்திருப்பதற்கு அத்தனை பேர் எதற்கு? அவர்களுக்கு நாடோறும் உணவளிப்பதே பெரும்பாடு.

ஆக, கன்னே ஓர் ஓட்டப்பந்தயமாகத் தெரிகின்றது. உரோமக் காலாட்கள் நடுவணியை முதலில் உடைப்பரா, ஹஸ்துருபாலின் குதிரைகள் முதலில் பின்புறத்தை அடையுமா? மேசையில் ஆற்றங்கரைக் குதிரைகள் இன்னும் ஒரு முறை, இரண்டு முறை தாக்குப்பிடித்தாற் போதும். பிறை கிழிந்து உரோமர் வெளியேறிவிடக் கூடும். ஹனிபாலின் மேதைமை இதனாற் குறையவில்லை. தன் நடுவணியைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பின்வாங்கச் செய்து, உடையவிடாமல் வைத்திருப்பது எத்துணைக் கடினம் என்பதை அவன் இடத்தில் ஒருமுறை அமர்ந்தவனே அறிவான். கோலியரோடு நடுவணியில் ஹனிபாலே நேரில் நின்றான் என்று ஏடுகள் கூறுவதன் காரணமும் அப்போதுதான் விளங்கும். அந்த இடம் உடைந்தால் எல்லாம் போயிற்று.

அவ்வாறாயின் பொலிபியஸ் ஏன் வாரோவைப் பழித்தார்? அவர் நேர்மையான ஆசிரியரே. ஆனால் அவர் உரோமாபுரியில் வாழ்ந்த காலத்தில் அவருக்கு ஆதரவளித்த நெருங்கிய நண்பன் சிப்பியோ எமிலியானஸ். அவனோ கன்னேயில் இறந்த பவுலஸின் மகன்வழிப் பேரன். விருந்தளித்த வீட்டின் பாட்டனார் தோல்விக்குப் பொறுப்பாளி என்று எழுத எந்த விருந்தினனுக்குத்தான் கைவரும்? வாரோவுக்குப் பேசப் புகழ்பெற்ற பேரன் எவனுமில்லை.

இங்கே ஒரு தடையும் எழுப்பப்பட வேண்டும். அது வலுவான தடை. மேசையில் நடப்பது விதிகளின் விளைவு. விதிகளை எழுதியவனோ கன்னேயில் வென்றவன் யார் என்பதை அறிந்தவன். ஹனிபால் வெல்லும்வரை எண்களைத் திருத்திவிட்டு, பின்பு ஹனிபால் வென்றான் பாருங்கள் என்றால், அது நிரூபணமாகுமா? ஆகாது. இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பிலிப் சபின் 2007 இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இதற்கு ஒரு விடை கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட பழம்போர்களை ஒரே விதித்தொகுதியின்கீழ் அவர் கொண்டுவந்தார். கன்னேக்காக ஒரு விதியை வளைத்தால் அதே விதி சாமாவிலும் பார்சேலசிலும் பொருந்தாமற் போய்விடும். பல களங்கள் ஒன்றையொன்று காவல் செய்கின்றன. மேற்கூறிய சங்கத்தாரும் ஒரே பழம்போரை ஒரே நாளில் பல மேசைகளில், பல்வேறு விதிகளின்படி ஆடிப்பார்க்கும் கூட்டங்களை நடத்திவந்துள்ளனர். விதிகள் வேறுபட்டும் விளைவு ஒத்துவந்தால் அதனைச் சிறிது நம்பலாம். முற்றும் நம்புதல் வேறு விடயம்.

ஏனெனில் மேசைக்கு எட்டாத ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படையதிகாரி ஆர்தான் து பிக் 1860 களில் பழங்காலப் போர்முறையை ஆராய்ந்தபோது, கன்னேயைப் பற்றி எளிய வினா ஒன்றை எழுப்பினார். சூழப்பட்டவர் எழுபதினாயிரம், சூழ்ந்தவர் அதனினும் குறைவு, சூழப்பட்டவர் கையிலும் ஆயுதம் இருந்தது. அவர்கள் ஏன் ஆடுகளைப்போல் வெட்டுண்டனர்? அச்சம் என்பதே அவர் கண்ட விடை. முதுகுப்புறத்தில் கூக்குரல் கேட்டதும் படை படையாக இருப்பதை விட்டுவிடுகின்றது; ஒவ்வொருவனும் தனியனாகின்றான். இதை எழுதியவர் நூலகத்துள் மட்டும் அமர்ந்திருந்தவரல்லர். கிரைமியப் போரிற் பங்குகொண்ட அவர், 1870 இல் ஜேர்மானியருடன் நிகழ்ந்த போரில் காயமுற்று இறந்தார். இன்றைய மேசைவிதிகள் பல படையின் மனவுறுதிக்கு ஓர் எண் வைத்துள்ளன. பகடை சரியாக விழாவிடின் அணி பின்வாங்கும். ஆயினும் எண் எண்ணே. வீழ்ந்த பொம்மை பெட்டிக்குத் திரும்பும். அடுத்த சனிக்கிழமை மீண்டும் அணியில் நிற்கும். போரின் மறுநாட் காலையில் களத்தைப் பார்த்தோர் கண்டவற்றை லிவி எழுதியிருக்கின்றார்: நிலத்திற் குழிதோண்டி, அதனுள் தம் முகத்தைப் புதைத்து, மண்ணால் மூடி மூச்சடக்கி இறந்துகிடந்தவர் சிலர். இதற்கு மேசையில் விதியில்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

பொம்மையை மறந்து மனிதனை மட்டும் நினைக்க வேண்டிய இடத்தில், மனிதனை மறந்து அணிகளை மட்டும் நினைத்தவர்களும் இருந்தனர். 1891 முதல் 1905 வரை ஜேர்மானியப் படைத் தலைமையகத்தை நடத்திய ஷ்லீபன் பிரபு கன்னேயில் மனம் பறிகொடுத்தவர். ஓய்வுபெற்றபின் அதனைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். எதிரியைச் சுற்றிவளைத்து ஒரே அடியில் அழித்தலே போர்க்கலையின் முடிவு என அவர் கருதினார். அவ்வெண்ணத்தில் வளர்ந்த படை 1914 இல் பெல்ஜியம் வழியாகப் பிரான்சைச் சுற்றிவளைக்கப் புறப்பட்டு, மார்ன் ஆற்றங்கரையில் நின்றுபோயிற்று. கன்னேயில் வென்ற ஹனிபால் இறுதியில் போரில் தோற்றவன் என்பது அந்தப் படங்களில் காட்டப்படவில்லை. போர்க்களத்தின் ஓரத்தோடு மேசை முடிந்துவிடுகின்றது. தோற்ற கொன்சலை வாயிலில் வந்து எதிர்கொண்ட நகரம் மேசையில் இல்லை. சிறைப்பட்ட தன் வீரரை விலைகொடுத்து மீட்க மறுத்த செனற் சபையும் இல்லை.

அந்த நகரம் தப்பிவந்த சாதாரண வீரரிடம் வாரோவிடம் காட்டிய தயவைக் காட்டவில்லை. அவர்களை இரு லீஜியன்களாக்கிச் சிசிலித் தீவுக்கு அனுப்பி, போர் முடியும்வரை இத்தாலிக்குத் திரும்பலாகாது என்று விதித்தது. அவர்கள் அங்கே பத்தாண்டுக்கு மேல் கிடந்தனர். கன்னேக் களத்திலிருந்து தாமும் தப்பிவந்த இளைஞர் ஒருவர் பின்பு சேனாதிபதியாகிச் சிசிலிக்கு வந்தபோது, பிறர் இகழ்ந்த அந்த முதிய வீரரையே தம்முடன் ஆபிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவர் சிப்பியோ. கி. மு. 202 இல் சாமாவில் ஹனிபாலை எதிர்த்து நின்ற அணிகளில் அவ்வீரரும் இருந்தனர். சாமாப் போர் மேசைகளில் மிக விரும்பி ஆடப்படுவதொன்று. யானைகள் வருவதால் எல்லோருக்கும் பிடிக்கும். யானை ஓடிவரும் சந்துகளை விட்டு விலகி நிற்கும் அந்தச் சிவப்புச் சட்டைப் பொம்மைகளுள் சில, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பிறையினுள் நசுங்கி நின்றவர்களைக் குறிப்பவை.

வாரோவும் ஒதுக்கப்படவில்லை. கன்னேக்குப் பின் அவனுக்கு மேலும் சில ஆண்டுகள் படைத்தலைமை நீட்டிக்கப்பட்டது. போர் முடிந்தபின், கி. மு. 200 இல், உரோமாபுரி ஆபிரிக்காவுக்கு மூவர் கொண்ட ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. தோற்று அடங்கிய கார்தேஜின் சபைமுன் சென்று உரோமின் சொல்லை எடுத்துரைப்பது அத்தூதரின் பணி. அம்மூவருள் ஒருவன் காயஸ் தெரெந்தியஸ் வாரோ.